சோதனை வாரண்ட்டில் யார் கையெழுத்து?

போன வாரம் காலை நடை முடித்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் நந்தனத்தில் வழக்கமான டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பேப்பரில் ஏதோ ரெய்டு செய்தி. எங்கள் கூட்டத்தில் பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னார்: “நம்ம வீட்டுக்கு அப்படி யாராவது வந்தா, மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்ட வாரண்ட் இருக்கான்னு முதல்ல கேக்கணும். அது இருந்தா நாம ஒண்ணும் சொல்ல முடியாது.”

“எந்த மாஜிஸ்திரேட்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மாஜிஸ்திரேட்னா கோர்ட்ல இருக்கறவர்தானே சார்? நமக்கு சைதாப்பேட்டை கோர்ட்.”

அவர் மட்டுமல்ல, படித்தவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் கோர்ட்டுப் பக்கமே போகாத ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு வாரண்ட் டைப் அடித்துக் கொடுத்த குமாஸ்தா நான்.

சட்டம் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 94வது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு வீட்டில் திருட்டுச் சொத்தோ, கள்ள நோட்டோ, போலி ஆவணமோ, போலி முத்திரையோ இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், வாரண்ட் கொடுத்து போலீஸை உள்ளே அனுப்பலாம். யார் கொடுக்கலாம்? மாவட்ட மாஜிஸ்திரேட், உட்கோட்ட மாஜிஸ்திரேட், அல்லது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட். இந்த மூவரில் கடைசி ஆள் மட்டும்தான் கோர்ட்டில் உட்காருபவர். முதல் ஆள் கலெக்டர். இரண்டாமவர் ஆர்.டி.ஓ. டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிறவர் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண் 94 என்பது 97 ஆனது. அந்த மூன்று பேரும் அப்படியே இருக்கிறார்கள், நடுவில் அந்த ‘அல்லது’வும் இருக்கிறது.

அந்த ‘அல்லது’ என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். வெளி மாவட்டம் ஒன்றில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மாஜிஸ்டீரியல் சீட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கடிதத்தோடு வந்தார். இன்ன தெருவில் இன்ன எண் வீட்டில் போலி அரசு முத்திரைகள் தயாரிப்பதாகத் தகவல், சோதனை வாரண்ட் வேண்டும். கடிதமே நாலு வரிதான். யார் சொன்ன தகவல், எப்போது பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. “கோர்ட்டுக்குப் போகலியா சார்?” என்று கேட்டேன். “அங்க போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க, நேரமாயிடும்” என்றார் சிரித்துக்கொண்டே.

அன்றைக்கு அமைச்சர் வருகை. எங்கள் அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அச்சடித்த படிவத்தில் பெயரையும் கதவு எண்ணையும் நிரப்பிக்கொண்டு ஓடினேன். ஜீப் பானெட் மேல் ஃபைலை வைத்தேன். “எங்கய்யா கையெழுத்து?” என்றார். காட்டினேன். போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கெட்டவர் இல்லை. நேர்மையானவர் என்றே பெயர். ஆனால் அன்றைக்கு அவர் மண்டையில் இருந்தது மேடையும் பந்தலும் குடிதண்ணீர் லாரியும்.

அந்தத் தெருவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வரிசை உண்டு. எது என்று கடிதத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை. போலீஸ் போய் நுழைந்தது ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டில். மகளுக்குப் பத்து நாளில் கல்யாணம். முகூர்த்தப் புடவைகளையும் நகைப் பெட்டியையும் திண்ணையில் எடுத்து வைத்துத் தேடினார்கள். சாட்சிக்கு அதே தெருவில் இருவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். சட்டப்படி எல்லாம் சரி. ஒன்றும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த ஆசிரியர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு மனுவை நீட்டினார். “தம்பி, என் வீட்டுக்கு ஆள் அனுப்ப என்ன காரணம்னு உங்க ஃபைல்ல எழுதியிருக்கும் இல்லையா? அந்த ஒரு வரியை மட்டும் எனக்குக் காட்டுங்க. போதும்.” அப்படி ஒரு வரி ஃபைலில் இல்லை என்று எனக்குத் தெரியும். “ஐயா கேம்ப் போயிருக்கார், அப்புறம் வாங்க” என்றேன். ஐயா உள்ளே அறையில்தான் இருந்தார். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். மனு கோப்பில் வைக்கப்பட்டது. எங்கள் பாஷையில் அதற்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சர்வீஸில் எத்தனையோ ஃபைல்கள் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: ஒருவர் வீட்டைச் சோதனை போட உத்தரவு கொடுக்கும் அதிகாரம் நீதித்துறை மாஜிஸ்திரேட்டிடம் மட்டுமே இருக்க வேண்டும். கலெக்டர், ஆர்.டி.ஓ., கமிஷனர், எந்த இலாகாவின் தலைமை அதிகாரி ஆனாலும் சரி, அவர்களிடம் இருக்கக் கூடாது.

காரணம் அவர்கள் தகுதி குறைந்தவர்கள் என்பதல்ல. கலெக்டர் ஐ.ஏ.எஸ். படித்தவர். சின்ன ஊர் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் வயதில் அவரைவிட இளையவராக இருக்கலாம். ஆனால் கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் சட்டம் ஒழுங்கு என்பது தங்கள் சொந்த வேலை. போலீஸோடு தினம் கூட்டம் போடுகிறவர்கள். ‘தேட வேண்டும்’ என்று கேட்கிறவரும் ‘தேடலாம்’ என்று சொல்கிறவரும் ஒரே வண்டியில் போகிறவர்கள் என்றால், நடுவில் வாரண்ட் என்ற காகிதம் எதற்கு?

சட்டமே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சாட்சியத்தை எடைபோட வேண்டிய வேலை, ஒருவரைத் தண்டனைக்கோ காவலுக்கோ உள்ளாக்கும் முடிவு, இவை நீதித்துறை மாஜிஸ்திரேட்டுக்கு. லைசென்ஸ் கொடுப்பது, ரத்து செய்வது போன்ற நிர்வாக வேலைகள் நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு. பழைய சட்டத்தின் 3வது பிரிவிலேயே இந்தப் பாகுபாடு இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. இப்போது 97வது பிரிவைப் படியுங்கள். தகவல் வர வேண்டும், தேவையான விசாரணை செய்ய வேண்டும், நம்பக் காரணம் இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். இது எடைபோடும் வேலையா, லைசென்ஸ் கொடுக்கும் வேலையா? 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் சொன்னதும் இதுதான்: சோதனை வாரண்ட் பிறப்பிப்பது சாதாரணமாக மாஜிஸ்திரேட்டின் நீதித்துறைப் பணி, தனி மனிதனுக்கும் அதிகாரிக்கும் நடுவில் நிற்கும் பணி.

இன்னொரு வேடிக்கை. உங்கள் வீட்டை விடத் தபாலாபீஸில் கிடக்கும் உங்கள் பார்சலுக்குப் பாதுகாப்பு அதிகம். தபால்காரர்கள் வசம் இருக்கும் கடிதத்தையோ பார்சலையோ தேட வாரண்ட் கொடுக்க மாவட்ட மாஜிஸ்திரேட், தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட் இருவரால் மட்டுமே முடியும். ஆர்.டி.ஓ.வால் முடியாது. அதிகாரம் இல்லாத ஒருவர் கொடுத்துவிட்டால் அந்த நடவடிக்கையே செல்லாது என்று சட்டம் தனியாக எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக்கோ? அதிகாரமே இல்லாத மாஜிஸ்திரேட் ஒருவர் தவறுதலாக, நல்லெண்ணத்தோடு வாரண்ட் கொடுத்துவிட்டாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் நடவடிக்கையை ரத்து செய்ய முடியாது. பார்சலுக்கு இருக்கிற மரியாதை நகைப் பெட்டிக்கு இல்லை.

சரி, தப்பாகத் தேடிவிட்டால் பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கேயும் கை விரிப்புதான். 1973 டிசம்பரில் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சோதனை சட்டவிரோதமாக நடந்திருந்தாலும் அதில் கிடைத்ததை ஆதாரமாகப் பயன்படுத்தத் தடையில்லை. அமெரிக்காவில் அப்படிக் கிடைத்ததைப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். இங்கே பின்வாசல் பூட்டு கிடையாது. ஆகவே முன்வாசலில் நிற்கிறவர் யார் என்பதுதான் நமக்கு எல்லாமே.

அரசியல் சாசனம் 50வது பிரிவில் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. இதில் முன்னால் நடந்த மாகாணங்களில் நம் சென்னையும் ஒன்று. ஐம்பதுகளிலேயே அரசாணை போட்டுப் பிரிக்கத் தொடங்கினோம். நாடு முழுவதற்கும் 1974 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. அப்படிப்பட்ட நாம்தான் 2013லும் 2014லும் ஆணை போட்டு, போலீஸ் துணை கமிஷனர்களுக்கே நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்தோம். போலீஸே நன்னடத்தைப் பிணை கேட்கும், போலீஸே விசாரிக்கும், மீறினால் போலீஸே சிறைக்கு அனுப்பும். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். சதீஷ்குமார், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு அந்த ஆணைகளை ரத்து செய்தது. அதிகாரப் பிரிவினைக்கு விரோதம் என்பதே சாரம். அது பிணைப் பத்திரம் பற்றிய வழக்கு, வாரண்ட் பற்றியது அல்ல. ஆனால் அதே தராசில் 97வது பிரிவை வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்? 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தில், சூதாட்ட வீடு என்று நம்பினால் கமிஷனரே வாரண்ட் கொடுக்கலாம் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தானே, அதை வைத்தால்?

வெள்ளைக்காரன் தன் ஊரில் அப்படி விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1762இல் லண்டனில் என்டிக் என்ற எழுத்தாளர் வீட்டில் ஓர் அமைச்சரின் வாரண்ட்டோடு நுழைந்து பெட்டிகளை உடைத்துக் காகிதங்களை அள்ளிப் போனார்கள். அமைச்சருக்கு அப்படி அதிகாரம் கொடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று தலைமை நீதிபதி காம்டன் தீர்ப்பளித்தார். அங்கே அமைச்சருக்கே இல்லை என்றவர்கள், இங்கே வந்து வரி வசூலிக்கும் கலெக்டரையே மாஜிஸ்திரேட்டும் ஆக்கிவிட்டுப் போனார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்தப் பாடங்களில் மண்டையில் தங்கியது ஒன்று உண்டு: 1799ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சட்டப்படி வீடு என்பது மீறக்கூடாத புகலிடம். இரவில் தீ, வெள்ளம், உள்ளேயிருந்து வரும் கூக்குரல், இந்த மூன்றுக்கு மட்டுமே யாரும் நுழையலாம். பிரெஞ்சுக்காரர்களை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. துப்பு துலக்கும் நீதிபதியே சோதனைக்கும் உத்தரவிடும் பழக்கம் அவர்களுக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் வழக்கை நடத்தாத ஒருவர் வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றி, 2000இல் சட்டம் செய்து, சுதந்திரங்களுக்கென்றே ஒரு நீதிபதிப் பதவியை உண்டாக்கினார்கள். ஆரம்ப விசாரணையில் வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் முக்கியமான குற்றங்களில் அவர் அனுமதி வாங்கித்தான் நுழைய முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் டாம்பா நகர வழக்கு. 1972. நகர நீதிமன்றத்துக் குமாஸ்தாக்கள் சின்னக் குற்றங்களுக்குக் கைது வாரண்ட் கொடுத்தார்கள். குமாஸ்தா எப்படிக் கொடுக்கலாம் என்று வழக்கு. கொடுக்கலாம் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, போலீஸையும் அரசுத் தரப்பையும் சாராதவராகவும், காரணம் போதுமா என்று பார்க்கத் தெரிந்தவராகவும் இருந்தால் போதும் என்றது. ஐந்து வருஷம் கழித்து ஜார்ஜியா மாநில வழக்கு ஒன்று. அங்கே சமாதான நீதிபதிக்குச் சம்பளம் இல்லை, வாரண்ட் கொடுத்தால் ஐந்து டாலர், மறுத்தால் ஒன்றும் இல்லை. அது செல்லாது என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கேள்வி பதவியின் உயரம் பற்றியது அல்ல. அவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது பற்றியது. கோர்ட்டில் இருக்கும் குமாஸ்தா சரி. கோட்டாட்சியர் ஆபீஸ் குமாஸ்தா கொண்டு வந்த ஃபைலில் கையெழுத்துப் போடும் பெரிய அதிகாரி சரியில்லை.

இலாகாக்களுக்கும் இதுவே பொருந்தும். வருமான வரிச் சட்டப்படி அந்தத் துறையின் உயர் அதிகாரியே அனுமதி கொடுக்கிறார். நம்பக் காரணம் என்ன என்று யாரிடமும், தீர்ப்பாயத்திடம்கூட, சொல்ல வேண்டியதில்லை என்று 2017இல் விளக்கம் சேர்த்தார்கள். அதுவும் 1962 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு! அமலாக்கத் துறைக்கும் சொந்த அதிகாரியின் கையெழுத்தே போதும். 2025 மார்ச்சில் எழும்பூரில் டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் மூன்று நாள் சோதனை நடந்தது. தமிழக அரசே கோர்ட்டுக்கு ஓடியது. ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது, மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. கதவு திறந்த பிறகுதான் எல்லா நீதிபதிகளும் வந்தார்கள், திறப்பதற்கு முன்னால் ஒருவர்கூட இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், ஆசிரியர் எங்கே போவார்?

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுவதையும் பார்க்கலாம். டீக்கடைக் கூட்டத்தில் கோர்ட் சிரஸ்தாராக இருந்த நண்பர் ஒருவர் உண்டு. அவர் சொன்னார்: “எங்க மாஜிஸ்திரேட்டுங்க மட்டும் என்ன? ஒரு நாளைக்கு நூறு ஃபைல். அவங்களும் கண்ணை மூடிக்கிட்டுதான் போடறாங்க.” உண்மை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் அது கடமை தவறியது. கேட்க மேல் கோர்ட் இருக்கிறது. ஆர்.டி.ஓ. பார்க்காமல் போட்டால் அது நிர்வாக ஒத்துழைப்பு, பாராட்டுக் கடிதம்கூட வரும்.

“ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை மாஜிஸ்திரேட்டுக்கு எங்க போறது?” என்பது அடுத்தது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதால், இதே போலீஸ் நடுராத்திரியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி ரிமாண்ட் வாங்குகிறது. ரிமாண்டுக்குத் திறக்கும் கதவு வாரண்ட்டுக்குத் திறக்காதா? உண்மையிலேயே நேரமில்லாத அவசரம் என்றால் 185வது பிரிவு இருக்கவே இருக்கிறது. விசாரணை அதிகாரி காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரண்ட் இல்லாமலே தேடலாம். அந்தக் குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு வழி இருக்கும்போது ஆர்.டி.ஓ. எதற்கு?

ஓர் இடத்தில் மட்டும் நான் இறங்கி வருகிறேன். சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்ட ஆளை மீட்க வாரண்ட் கொடுப்பது இப்போது 100வது பிரிவு. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்தவர்களை மீட்டதில் கோட்டாட்சியர்களின் பங்கு பெரியது. அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். அது ஒரு மனிதரை வெளியே கொண்டுவரப் போவது. மற்றது ஒரு மனிதரின் வீட்டுக்குள் போவது. இரண்டுக்கும் ஒரே மூவரை எழுதி வைத்ததுதான் தப்பு.

ஆகவே நான் கேட்பது மூன்று. 97வது பிரிவிலிருந்து மாவட்ட, உட்கோட்ட மாஜிஸ்திரேட்டுகளின் பெயரை எடுங்கள். சோதனை வீடியோவை அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில், 105வது பிரிவில், அதே மூவரும் அதே ‘அல்லது’வும் இருக்கிறார்கள், அதையும் திருத்துங்கள். இலாகாச் சோதனைகளுக்கும் அவசரம் தவிர்த்து நீதித்துறையின் அனுமதியைக் கட்டாயமாக்குங்கள். கடைசியாக, கையெழுத்துக்கு மேலே காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் வேண்டாம், ஐந்து வரி போதும். சோதனை முடிந்த பிறகு வீட்டுக்காரர் கேட்டால் அதன் நகலைக் கொடுக்க வேண்டும்.

பாங்க் மேனேஜர் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். டீ ஆறிவிட்டது. “அப்ப நான் வாரண்ட்ல எதைத்தான் பாக்கணும்?” என்றார். கதவு எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள், பழைய எண்ணா புதிய எண்ணா என்று கேளுங்கள், பிறகு கையெழுத்துக்குக் கீழே உள்ள பதவியைப் படியுங்கள் என்றேன். அன்றைக்கு அந்த ஆசிரியருக்கு நான் காட்டியிருக்க வேண்டிய வரி 97வது பிரிவில் இன்னும் கட்டாயமாகவில்லை. அதுவரை நமக்கு இருப்பது இவ்வளவுதான்.